ஐந்தாம் நாள் கலங்கல்

ஆவுடைத்தாய் ஊசி குத்தினால் குத்தினது தெரியாது என்று கோவில்பட்டியில் ஒரு பேச்சு உண்டு. சும்மா பேச்சு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மாடியில் இருக்கும் அந்த லேப்புக்கு ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் மூச்சு வாங்கப் படியேறி வந்து, "ஆவுடையக்கா இருக்காவளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சாப்பிடப் போயிருக்கிறாள் என்றால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். வேறு ஆள் எடுக்கட்டுமா என்றால், "வேண்டாம், அவியளே வரட்டும்" என்பார்கள். காட்டு வேலையில் காய்ந்து முறுகின கையில் நரம்பு எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அவள் விரல் அதைத் தொட்டுவிடும். வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்தேழு வருஷம் இந்த வேலைதான்.

ஊசியைவிட அவளுக்குப் பெருமை தன் கைச் சுத்தத்தில்தான். ஓர் ஆளுக்கு ரத்தம் எடுக்குமுன் ஒரு தடவை, எடுத்தபின் ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்புமுன் முழங்கைவரை ஒரு தடவை என்று சோப்புப் போட்டுக் கழுவுவாள். மோதிரம் கிடையாது, வளையல் கிடையாது. நகம் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கும். லேப் முதலாளி வேணுகோபால், "கோவில்பட்டிக்கு வார தண்ணியில பாதி ஒங் கைக்கே சரியாப் போவுதும்மா" என்பார். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற ஊரில் இது சின்னக் கேலி இல்லை. அவள் காதில் வாங்காமல் சோப்பை எடுப்பாள்.

இந்தக் கழுவலுக்கு ஒரு காரணம் உண்டு. பத்தாவது முடித்ததும் ஆறு வருஷம் அவள் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தாள். பெட்டியின் பக்கத்தில், குச்சியை உரசுகிற இடத்தில் மருந்து பூசும் வேலை. அந்தப் பழுப்பு மருந்து நகக்கண்ணில் ஏறினால் லேசில் இறங்காது. லேப் படிப்புக்குச் சேர்ந்த முதல் நாள், வாத்தியார் அவள் விரலைப் பார்த்துவிட்டு முப்பது பேர் முன்னால், "போய்க் கையைக் கழுவிட்டு வாம்மா" என்றார். கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள். எழுந்து போய் மறுபடியும் கழுவினாள். அன்றைக்குக் கழுவ ஆரம்பித்தவள்தான்.

முதல் நாள் வகுப்புக்கு முந்தின மாலை, புளியும் தேங்காய் நாரும் போட்டு அந்த விரல்களை அரைமணி நேரம் தேய்த்துவிட்டது வெயிலம்மாள். இடைசெவல்காரி. தீப்பெட்டி ஆபீஸில் ஆறு வருஷமும் ஆவுடைத்தாய்க்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பத்து வயசு மூத்தவள். "போகலைன்னா போகட்டும்ட்டி. கறை பட்ட கைதானே சோறு போட்டிச்சு" என்று சொல்லி, தேய்த்துத் தேய்த்துத் தன் விரலையும் சிவக்க வைத்துக்கொண்டாள். பிறகு ஆவுடைத்தாய் லேப்புக்கு வந்துவிட்டாள், சோலையைக் கல்யாணம் செய்துகொண்டாள். சோலை கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். வெயிலம்மாள் கடைசிவரை தீப்பெட்டி ஆபீஸிலேயே இருந்து, கண்பார்வை மங்கினபிறகு ஊரோடு இருந்துகொண்டாள். பழக்கம் விடவில்லை. கோவில்பட்டிக்கு எந்த வேலையாக வந்தாலும் லேப் படியேறி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காபி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அவள் மகள் சுகுணா ஆவுடைத்தாயைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

போன பங்குனியில் வெயிலம்மாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது கதை பேச வரவில்லை. மூன்று வாரமாகக் காய்ச்சல். வரும், போகும், சாயங்காலமானால் மறுபடி குளிர் நடுக்கிக்கொண்டு வரும். டைபாய்டு என்று நினைத்துக் கொடுத்த மருந்துக்கு அது மசியவில்லை. டாக்டர் ஹரிஹரசுதன் ரத்தத்தை வளர்த்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தார். இளவயசு டாக்டர், ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். 'இரண்டு பாட்டில். இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

ரத்தத்தை வளர்ப்பது என்றால் வேறொன்றுமில்லை. கிருமிக்குத் தீனியாகிற திரவம் ஒரு பாட்டிலில் இருக்கும். அதில் ரத்தத்தை விட்டு, உடம்புச் சூட்டில் ஏழு நாள் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தால் தின்று பெருகும். தெளிந்து நிற்கிற திரவம் கலங்கும். கலங்கினதில் ஒரு சொட்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், இன்னொரு சொட்டைத் தீனி உறையவைத்த தட்டில் தடவி வளர்த்துப் பார்க்க வேண்டும்.

"இதென்னட்டி, ரெண்டு சீசா?" என்றாள் வெயிலம்மாள்.

"கைக்கு ஒண்ணு யக்கா. டாக்டர் சொல்லியிருக்காவ."

"எங்கிட்ட இருக்கதே அம்புட்டுத்தான். ஒண்ணோட விட்டுரு தாயி."

அது பொய்யில்லை. ரத்த அளவு ஏழுக்கும் கீழே இறங்கியிருந்ததை ஆவுடைத்தாயே அரைமணிக்கு முன்னால் பார்த்திருந்தாள். உதடு சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. பாவமாக இருந்தது. அந்த லேப்பில் யாருக்குமே ஒரு பாட்டில்தான் எடுத்துப் பழக்கம். சரி, ஒன்று போதும் என்று வலது கையில் மட்டும் எடுத்தாள்.

"வேற என்னமும் செய்யுதா யக்கா?"

"வயித்துல இடப்பக்கம் இழுத்துப் பிடிக்கு. வெளிய போகும்போது ரெண்டு மூணு தடவை ரத்தம் பட்டுது. சூடுதான். பங்குனி வெயில்ல யாருக்குச் சூடு இல்லாம இருக்கு?"

"டாக்டர்ட்டச் சொன்னியா?"

"எம் மகன் வயசு. அவருட்டப் போயி இதெல்லாம் சொல்லுவாகளாட்டி?"

"சொல்லணும் யக்கா" என்றாள் ஆவுடைத்தாய். அடுத்த ஆள் படியேறி வந்தார். பேச்சு அதோடு நின்றது.

இரண்டாவது பாட்டில் எதற்கு என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஊசி தோலைத் துளைத்துக்கொண்டு போகும்போது தோலில் குடியிருக்கிற கிருமி சில சமயம் கூடவே ஒட்டிக்கொண்டு பாட்டிலுக்குள் போய்விடும். அதுவும் வளரும், அதுவும் கலங்க வைக்கும். ஒரு பாட்டிலில் மட்டும் இருந்தால் தோலிலிருந்து வந்தது என்று தள்ளலாம். இரண்டு கையிலும் தனித்தனியாக எடுத்த இரண்டு பாட்டிலிலும் ஒரே கிருமி இருந்தால் அது ரத்தத்திலேயே இருக்கிறது. தெரிந்தும் ஒன்றோடு விட்டாள். பிரியத்தில் செய்தது. பிரியத்தில் செய்கிற தப்பைத் தடுக்க யாரும் வரமாட்டார்கள், அதுதான் அதில் உள்ள கஷ்டம்.

நான்கு நாள் பாட்டில் தெளிவாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அடியில் படிந்திருந்த ரத்தத்துக்குச் சற்று மேலே ஒரு மங்கல். மேலே தெளிவு, அடியில் மட்டும் கலங்கல். ஒரு சொட்டெடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஒடித்துப் போட்ட தீக்குச்சிகள் மாதிரி ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிக் குச்சிகள் அங்கங்கே கிடந்தன. தோலில் இருக்கிற ஒரு சாதிக் கிருமி அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். அவள் மனசு திக்கென்றது. கிருமியைப் பார்த்து அல்ல, தன் கையை நினைத்து.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு பாட்டில் கலங்கி, அதை அவள் ரிப்போர்ட்டில் எழுதி, ஒரு ஆள் பத்து நாள் தேவையில்லாமல் மருந்து ஏற்றிக்கொண்டு படுத்துக் கிடந்தார். பிறகு அது தோல் கிருமி என்று தெரிந்தது. அப்போதிருந்த பெரிய டாக்டர் ஒருவர் லேப் வாசலுக்கே வந்து, பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, "ஊசி குத்துற கையை மொதல்ல கழுவச் சொல்லுங்கய்யா" என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு ஆவுடைத்தாய் குழாயடியில் நின்று அழுதாள். வாத்தியார் சொன்னது, டாக்டர் சொன்னது இரண்டும் அவளுக்கு ஒரே குரலில்தான் கேட்கும்.

கலங்கின பாட்டிலிலிருந்து தட்டில் தடவி வைத்தாள். ஒரு நாள் போனது, ஒன்றும் முளைக்கவில்லை. இன்னொரு நாளும் போனது. தட்டு வழித்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. பாட்டிலில் கலங்கினது தட்டில் ஏன் வளரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசனை வளர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்ல வேண்டும், டாக்டருக்குப் போன் போக வேண்டும், வெயிலம்மாளை மறுபடி கூப்பிட்டு மறுபடி குத்த வேண்டும். ஆவுடையின் கையில் அழுக்கு என்று ஆகிவிடும். தட்டில் ஒன்றும் வளரவில்லை என்பது உண்மைதானே. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டாள். 'ஏழு நாள் வரை கிருமி வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயம் போட்ட கண்ணாடித் துண்டை மட்டும் குப்பையில் போடவில்லை. காயவைத்து, கண்ணாடிகள் வைக்கும் பெட்டியில் கடைசி வரிசையில் செருகிவைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் ரத்தத்தில் கிருமி இல்லை என்று அந்தப் பக்கக் கதவை அடைத்துவிட்டு, காசநோயாக இருக்குமோ, மூட்டுவாதமாக இருக்குமோ என்று வேறு பக்கம் தேடப் போனார். ஏதோ ஒரு மாத்திரைக்குக் காய்ச்சல் நாலு நாள் அடங்கியது. வெயிலம்மாள் ஊருக்குப் போனாள். ஆவுடைத்தாயும் நிம்மதியாக இருந்தாள். பார்த்தாயா, ஒன்றுமில்லை, அது தோல் கிருமிதான் என்று தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை சொன்னால் போதுகிற விஷயமாக இருந்திருந்தால் தினமும் சொல்லியிருக்க மாட்டாள்.

சித்திரையில் ஒரு காலை, சுகுணா தன் அம்மாவை ஆட்டோவிலிருந்து தூக்காத குறையாக இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். லேப் மாடிக்கு ஏற்ற முடியாது என்று ஆவுடைத்தாயே ரத்தம் எடுக்க அங்கே போனாள். கட்டிலில் கிடந்தவளை ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"வந்துட்டியாட்டி. ஒன்னத்தான் வரச் சொன்னேன். மத்தவளுக குத்துனா வலிக்கு" என்றாள் வெயிலம்மாள்.

இந்தத் தடவை ஆவுடைத்தாய் யாரும் சொல்லாமலே இரண்டு கையிலும் எடுத்தாள். தோலை ஒரு தடவைக்கு மூன்று தடவை மருந்து போட்டுத் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து எடுத்தாள். பாட்டில்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தினம் காலையும் மாலையும் எடுத்துப் பார்த்தாள். தெளிவாகவே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

நான்காம் நாள் காலை இரண்டு பாட்டிலும் அடியில் கலங்கியிருந்தன.

இரண்டிலும் அதே ஊதாக் குச்சிகள். பெட்டியின் கடைசி வரிசையிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மூன்றும் ஒன்று. அப்போதுதான் படிப்பில் எப்போதோ ஒரு பக்கம் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. காற்றுப் பட்டால் செத்துப்போகிற கிருமிகள் உண்டு. பாட்டிலின் அடியில் காற்று எட்டாத இடத்தில் வளரும்; தட்டில் தடவினால் காற்றில் மாண்டுபோகும். அவற்றை வளர்க்கத் தனி ஜாடி வேண்டும், அது இந்த லேப்பில் கிடையாது. தட்டு வெறுமையாக இருந்ததே, அதுதான் கிருமி தன்னைக் காட்டிக்கொடுத்த அடையாளம். அவளோ அதை ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டாள்.

மூன்று கண்ணாடியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் நடந்தே போனாள். புதிய இரண்டை மட்டும் முதலில் காட்டினாள். டாக்டர் ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

"ரெண்டு கையிலயும் ஒரே கிருமி. இது தோல்ல இருந்து வந்தது இல்லக்கா. தட்டுல?"

"வளராது சார். காத்துல வளராத சாதின்னு நெனைக்கேன்."

"அப்படின்னா இது குடல்ல இருக்கற கிருமி. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. உள்ள இருக்கறவரைக்கும் அது யாருக்கும் கெடுதல் செய்யாது. ரத்தத்துக்கு வந்திருக்குன்னா குடல்ல எங்கயோ வழி விட்டிருக்கு." அவர் சீட்டைப் புரட்டினார். "போன மாசம் எடுத்ததுல ஒண்ணும் இல்லையே. அப்ப இது புதுசா வந்ததா? நாலு நாள் விஷயமா, இல்ல ஒரு மாசமாவே கசிஞ்சுக்கிட்டு இருக்கா? அது தெரிஞ்சா நல்லா இருக்கும்."

அவர் யாரையும் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. வைத்தியத்துக்காகக் கேட்டார். ஆவுடைத்தாய் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் மூன்றாவது கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"போன தடவையும் இருந்திச்சு சார். அஞ்சாம் நாளு கலங்கிச்சு. எங் கை அழுக்குன்னு நெனைச்சு எழுதாம விட்டுட்டேன்."

டாக்டர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ரெண்டாவது பாட்டில்?"

"எடுக்கல சார். ஒண்ணுதான் எடுத்தேன். வெளிய போகும்போது ரத்தம் படுதுன்னும் எங்கிட்டச் சொன்னா. ஒங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டா. நானும் சொல்லல."

"நீங்க எழுதியிருந்தாலும் ஒத்தப் பாட்டிலை வச்சு நானும் தோல் கிருமின்னுதான் நெனைச்சிருப்பேன்" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னார். பாட்டில் ஒற்றையாகப் போனது யாரால் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே காற்றில்லாத ஜாடியில் வளர்த்து, கருவியில் வைத்து, நாக்கில் நிற்காத ஒரு நீளமான பெயரைச் சொன்னார்கள். எத்தனையோ வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருக்கிறோம் என்றார்களாம். பெருங்குடலில் இடப்பக்கம் எலுமிச்சை அளவு கட்டி, அதன் ஓரத்தில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிச் சீழ். அந்தக் கிருமியை அடக்குகிற மருந்து என்னவென்று ஆவுடைத்தாய் டாக்டரிடம் கேட்டாள். வயிற்றுப்போக்குக்கு இந்த ஊரில் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிழித்துக் கொடுக்கிற மாத்திரை, அதே மருந்து. ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் வெயிலம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

இடைசெவலில் உடம்பைக் கிடத்தியிருந்தபோது பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆவுடைத்தாயையும் ஒருத்தி இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெயிலம்மாளின் வலது கையில், முழங்கை மடிப்பில் பச்சையாகக் கன்றியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் யாரோ குத்திய குத்து. வலித்திருக்கும்.

வீட்டில் சோலையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனுஷன், பெண்டாட்டி வாடினால் தாங்கமாட்டார். "டாக்டர்ட்டச் சொல்லியாச்சுல்லா? அதோட விடு. அந்தப் பிள்ளைட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது? போன உசுரு வருமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனாள். போகாமலிருக்க முடியாது. பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, சுகுணா அவளைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். "எங்க சித்திதான் கண்டுபிடிச்சாவ. மதுரையிலயே அசந்துட்டாங்க. இவிய இல்லைன்னா அம்மா என்னத்துல செத்தான்னே தெரியாமப் போயிருக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னாள். பெரியவர் ஒருவர், "நல்ல கைம்மா" என்றார். ஆவுடைத்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கூட்டத்தின் நடுவே நின்று தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டினதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

சாப்பிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் கை கழுவப் போனாள். சுகுணா பின்னாலேயே வந்து, டிரம்மிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினாள். அங்கே வேறு யாரும் இல்லை.

"சுகுணா, ஒங்கம்மாவுக்கு மொதத் தடவை எடுத்தம்லா, அதுலயே அந்தக் கிருமி இருந்திச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு இல்லைன்னு எழுதினேன்."

சுகுணா ஊற்றிக்கொண்டே இருந்தாள். செம்பு காலியாகும்வரை தண்ணீர் விழுந்தது.

"ஏன்?" என்றாள்.

"எங் கையில இருந்து ஒட்டுனதுன்னு நெனைச்சேன். என்னை அழுக்குன்னு சொல்லுவாகன்னு பயந்துட்டேன்."

"எத்தனை நாளு அது?"

"மொதக் கலங்கலைப் பாத்ததுல இருந்து ரெண்டாந் தடவை கலங்குன வரைக்கும் இருபத்துமூணு நாளு."

சுகுணா காலிச் செம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை. "அந்த இருபத்துமூணு நாள்ல நான் ரெண்டு தடவை மதுரைக்குக் கூப்பிட்டேன். ஒரு தடவை வாடகைக் கார் வாசல்ல வந்து நின்னுச்சு. ஏற மாட்டேன்னுட்டா. 'ஆவுடை பாத்துட்டா. அவ ஒண்ணுமில்லைன்னுட்டா. அவளைவிட மதுரைக்காரனுக்கு என்னட்டி தெரியும்'னு சொல்லிப் படுத்துக்கிட்டா."

சுகுணா செம்பை டிரம்மின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆவுடைத்தாய் ஈரக்கையைத் துடைக்காமல் நின்றாள். உடம்பைக் கிடத்தியிருந்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு, பருத்திமார் விறகு அடுக்கியிருந்த சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினாள்.

மறுநாள் வேணுகோபாலிடமும் சொன்னாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீ போயிட்டா அடுத்து வாரவளும் இதைத்தான் செய்வா. இருந்து மாத்து" என்றார். அன்றிலிருந்து அந்த லேப்பில் யாராக இருந்தாலும் இரண்டு பாட்டில். எத்தனை கெஞ்சினாலும் இரண்டு. எது கலங்கினாலும் கலங்கியது என்று எழுதி, தோல் கிருமியாக இருக்கலாம் என்று பட்டால் அதையும் பக்கத்தில் எழுதி, அன்றைக்கே டாக்டருக்குப் போன் போகும். ஆவுடைத்தாய் கை கழுவுவதும் குறையவில்லை. ஆனால் இப்போது கழுவும்போது அவள் கையைப் பார்ப்பதில்லை.

ஆடி பிறந்து காற்று புழுதியை வாரி அடிக்கிற ஒரு நாள், பெஞ்சில் நாலைந்து பேரோடு சுகுணா உட்கார்ந்திருந்தாள். குடலில் கட்டி வருவது சில குடும்பங்களில் தொடரும், மகளும் பார்த்துவிடுவது நல்லது என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல்படியாக ரத்தமும் மலமும் பரிசோதிக்க ஹரிஹரசுதன் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையில் இருந்தது. கோவில்பட்டியில் லேப்புக்கா பஞ்சம்? அவள் இங்கேதான் வந்திருந்தாள்.

ஆவுடைத்தாய் உள்ளே போய், "அந்தப் பிள்ளைக்கு நீ எடும்மா" என்று கூட வேலை பார்க்கும் உமாராணியிடம் சொன்னாள். உமாராணி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒங்களத்தான் வரச் சொல்லுதாவ."

சுகுணா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அம்மாவின் கை மாதிரியே நீளமான, எலும்பு தெரிகிற கை. நரம்பு மறைந்துகூட இல்லை, மேலேயே ஓடியது. ஆவுடைத்தாய் துடைத்தாள், காத்திருந்தாள், குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசி நரம்பைத் தாண்டிப் போயிருந்தது. இருபத்தேழு வருஷத்தில் இப்படிப்பட்ட ஒரு கையில் அவளுக்கு நரம்பு தப்பினதில்லை. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?" என்றாள்.

"வலிக்கு" என்றாள் சுகுணா. மற்றக் கையை நீட்டினாள். "இதுல எடுங்க."

இரண்டாவது தடவை சரியாக வந்தது. சுகுணா பஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கூப்பிடுகிற மாதிரியே அவளும் கூப்பிட்டாள்.

"ஆவுடையக்கா, என்ன இருக்கோ அதை எழுதிருங்க."

சித்தி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. ஆவுடைத்தாய் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் பெயர் எழுதி ஒட்டி வைத்தாள்.